கார் ஏசிக்கு எவ்வளவு பவர் வேணும்? லாரி கேபினுக்கும் ஏசி கட்டாயம்... நெல் லாரி வரிசையில் நிற்கும்போது டீசல் செலவு யாருக்கு?

தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர் வட்டம். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, செங்கிப்பட்டி எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன. அறுவடை நேரத்தில் இந்தப் பக்கம் போனால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் லாரிகள் நிற்பது பழகிய காட்சி. மூட்டை ஏற்றும் வரை காத்திருப்பு. ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போனால், இறக்கும் வரை இன்னொரு காத்திருப்பு.

இந்த நேரத்தில் டிரைவர் எங்கே இருப்பார்? பெரும்பாலும் கேபினுக்குள் இருக்க மாட்டார். வேப்பமர நிழலிலோ, லாரிக்கு அடியிலோ துண்டை விரித்துப் படுத்திருப்பார். காரணம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அடியில் சூடான இன்ஜின் என்று இருக்கும் கேபின், வெயிலில் அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

இனி தயாராகும் புது லாரிகளில் இந்த நிலைமை மாறும் என்கிறது மத்திய அரசு. லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி 2025-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உடனே எழும் கேள்வி இதுதான்: 'கார்ல ஏசி போட்டாலே மைலேஜ் அடி வாங்குது. லாரிக்கு ஏசி போட்டா டீசல் என்ன ஆகும்?'

பதில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. ஓடுகிற லாரிக்கு ஏசி ஒரு சுமையே இல்லை. நிற்கிற லாரிக்குத்தான் சிக்கல். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 ஜூலையில் இதற்கான வரைவையும், அதே ஆண்டு டிசம்பரில் இறுதி அறிவிக்கையையும் வெளியிட்டது. சரக்கு வாகனங்களில் என்2, என்3 என்ற இரண்டு பிரிவுகளுக்கு இது பொருந்தும். மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ளவை என்2. 12 டன்னுக்கு மேல் உள்ளவை என்3. அதாவது, நெல் மூட்டை ஏற்றும் நடுத்தர லாரி முதல் பெரிய டிரெய்லர் வரை எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

டிரைவர்கள் கடும் வெயிலில் மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள், அதனால் வரும் சோர்வு விபத்தில் முடிகிறது என்பதுதான் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி இதற்குச் சொன்ன காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்குத்தான் இந்த விதி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுக்குப் பொருந்தாது.

ஒரு கார் ஏசிக்கு எவ்வளவு பவர்?

முதலில் 'டன்' கணக்கைப் பார்ப்போம். வீட்டு ஏசியில் ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அது எடையைக் குறிப்பதல்ல. ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த அளவு. கிலோவாட் கணக்கில் சொன்னால், ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட்.

ஒரு சாதாரண காரின் ஏசி, முழு வேகத்தில் 4 முதல் 6 கிலோவாட் வரை வெப்பத்தை வெளியேற்றும். அதாவது ஒரு டன்னுக்கு மேல். ஒரு படுக்கையறையைக் குளிர்விக்கப் போதுமான ஏசி, நாலு பேர் உட்காரும் பெட்டிக்குள் இருக்கிறது.

இதற்கு இன்ஜினிடமிருந்து எவ்வளவு எடுக்கும்? கார் ஏசி ஒரு பங்கு பவர் எடுத்தால், ஏறக்குறைய இரண்டு பங்கு வெப்பத்தை வெளியே தள்ளும். அந்தக் கணக்கில் முழு வேகத்தில் ஓடும்போது கம்ப்ரசருக்கு 2 முதல் 3 கிலோவாட் தேவை. குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 3 முதல் 4 ஹெச்பி.

டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், வயலில் தண்ணீர் இறைக்கும் 3 ஹெச்பி பம்ப்செட் மோட்டாருக்கு எவ்வளவு பவர் தேவையோ, ஏறக்குறைய அதே அளவு பவரை ஒரு கார் ஏசி கேட்கிறது. உள்ளே குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும், அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சராசரித் தேவை 1 முதல் 1.5 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு பவர் ஏன் தேவைப்படுகிறது?

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. கார் கண்ணாடி வழியாக மட்டுமே ஒரு கிலோவாட் அளவுக்கு வெப்பம் உள்ளே வந்துவிடும். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பிலிருந்து சுமார் 100 வாட். நாலு பேர் என்றால் 400 வாட். கூரை, கதவு, இன்ஜின் பக்கத்துச் சூடு, வெளியிலிருந்து நுழையும் காற்று எல்லாம் தனி.

டெல்டாவில் இதோடு இன்னொன்றும் சேரும். அதுதான் புழுக்கம். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், காற்றிலும் ஈரம். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அந்த ஈரத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். ஏசி ஓடும் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுமே, அது காற்றிலிருந்து பிழிந்த ஈரம். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இப்படி வெளியே வந்தால், அதற்காக மட்டுமே ஏசியின் திறனில் ஏறக்குறைய 700 வாட் போய்விடுகிறது. வெப்பநிலை ஒன்றாக இருந்தாலும், வறண்ட ஊரைவிட தஞ்சாவூர்ப் பக்கம் ஏசி கூடுதலாக உழைப்பது இதனால்தான்.

வெயிலில் பூட்டி நிறுத்திய கார் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. வெளியே 36 டிகிரி என்றால் உள்ளே 58 டிகிரி வரை போகலாம். முதல் பத்து நிமிடம் ஏசி முழு மூச்சில் ஓடுவது இந்தச் சூட்டை இறக்கத்தான்.

ஓடும்போது எவ்வளவு இழுக்கும்?

ஒரு சின்ன கார் சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு வெறும் 4 முதல் 5 கிலோவாட் பவர் போதும். 66 ஹெச்பி இன்ஜின், அதாவது 48 கிலோவாட் தரக்கூடிய இன்ஜின் இருந்தாலும், சீராக ஓட்டும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான் பயன்படுகிறது.

இந்த இடத்தில் ஏசி 1.5 கிலோவாட் கேட்டால், அது வண்டி ஓடத் தேவையான பவரில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதே கார் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடவே சுமார் 12 கிலோவாட் தேவை. அப்போது ஏசியின் பங்கு எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

வேகம் குறையக் குறைய, மொத்தச் செலவில் ஏசியின் பங்கு கூடுகிறது என்பதே இதன் அர்த்தம். கடும் வெயிலில், குறிப்பாகக் குறைந்த தூரப் பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல்கூடக் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நீண்ட தூரம், சீரான வேகம் என்றால் பாதிப்பு அதைவிட மிகவும் குறைவு.

மேம்பாலம் ஏறும்போதோ, ஓவர்டேக் செய்யும்போதோ பழைய சின்ன கார்களில் ஏசியை ஆஃப் பண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு. 37 ஹெச்பி இன்ஜினில் 3, 4 ஹெச்பி போனால் கால் அழுத்தும்போதே தெரியும். இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், இன்ஜின் கம்ப்யூட்டரே சில நொடிகளுக்குக் கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

சரி, லாரிக்கு வருவோம். லாரி கேபின் ஏசிக்கும் ஏறக்குறைய இதே 3 முதல் 4 ஹெச்பிதான் தேவை. ஆனால் இன்ஜின் 150, 200 ஹெச்பி. 10 டன் நெல்லை, அதாவது 40 கிலோ மூட்டை 250-ஐ ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு, ஏசி எடுப்பது இன்ஜின் பவரில் 2 சதவீதம் அளவுதான். டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. செங்கிப்பட்டி வழியாகத் திருச்சி போகும் நெடுஞ்சாலையில் ஓடும் வரை ஏசி கிட்டத்தட்ட இலவசம் என்றே சொல்லலாம்.

நின்றால் ஏன் சிக்கல்?

பெட்ரோல், டீசல் வண்டிகளில் ஏசி கம்ப்ரசர் இன்ஜினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. இன்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும். ஃபேன் மட்டும் ஓடும், காற்று வரும், குளிர் வராது.

ஆகவே, நிற்கும்போது குளிர் வேண்டுமென்றால் இன்ஜினை ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான் சுற்றும். கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும். முன்பக்கக் கண்டென்சருக்கு எதிர்க்காற்றும் கிடையாது, ஃபேன் காற்று மட்டும்தான். சிக்னலில் நிற்கும்போது ஏசி டல்லாகி, வண்டி நகர்ந்ததும் மறுபடி ஜில்லென்று ஆவது இதனால்தான்.

குளிர் குறைகிறது, ஆனால் செலவு குறைவதில்லை. ஒரு சின்ன கார், ஏசியோடு ஐட்லிங்கில் நின்றால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பெட்ரோல் போகும். அமெரிக்காவில் ஓடும் நீண்டதூர டிரக்குகள் ஐட்லிங்கில் மணிக்கு 0.8 கேலன், அதாவது சுமார் 3 லிட்டர் டீசலைக் குடிப்பதாக அந்நாட்டு எரிசக்தித் துறை கணக்கு சொல்கிறது. நம்மூர் நெல் லாரிகளின் இன்ஜின் அதைவிடச் சின்னது. எனவே பாதி, அதாவது ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஏற்ற, இறக்க என்று ஒரு நாளில் 5 மணி நேரக் காத்திருப்பு என்றால், 7.5 லிட்டர். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால், சுமார் 700 ரூபாய். வண்டி ஓர் அடிகூட நகராமலே.

இதில் ஏசிக்குப் போனது எவ்வளவு தெரியுமா? சராசரியாக 1.5 கிலோவாட் வீதம் 5 மணி நேரத்துக்கு 7.5 யூனிட். நல்ல நிலையில், சரியான லோடில் ஓடும் டீசல் இன்ஜின் அதை 2 லிட்டர் சொச்சத்தில் கொடுத்துவிடும். மீதி 5 லிட்டர் இன்ஜின் சும்மா சுற்றுவதற்கே செலவாகிறது. ஒரு குடம் தண்ணீருக்காக போர்வெல் மோட்டாரை நாள் முழுக்க ஓடவிட்ட கதைதான் இது.

பேட்டரியில் ஓட்ட முடியாதா?

சாதாரண கார் பேட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர்-ஹவர். முழுச் சார்ஜில் அதில் இருப்பது சுமார் 480 வாட்-ஹவர், அதாவது அரை யூனிட்கூட இல்லை. 2 கிலோவாட் ஏசியை அதில் ஓட்டினால் கால் மணி நேரத்துக்குள் காலி. அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

லாரியில் 24 வோல்ட் அமைப்பு. இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 120 ஆம்பியர்-ஹவர் என்றால் ஏறக்குறைய 2.9 யூனிட் இருக்கும். ஸ்டார்ட் செய்ய மீதி வைக்க வேண்டும் என்பதால் பாதியைத்தான் தொட முடியும்.

இதற்காகவே 'பார்க்கிங் கூலர்' என்ற தனி ஏசி வெளிநாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் தேவையில்லை, 24 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். முழு கேபினையும் ஜில்லென்று ஆக்காது. ஆனால் 500 முதல் 800 வாட்டில், டிரைவர் படுத்துத் தூங்கும் அளவுக்குச் சூட்டைத் தணிக்கும். இருக்கிற பேட்டரியில் இரண்டு மணி நேரம் தாங்கும். கூடுதல் பேட்டரி வைத்தால் இன்னும் நீளும்.

மின்சார வாகனங்களில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே கம்ப்ரசர் நேரடியாக மின்சாரத்தில் ஓடுகிறது. உதாரணமாக, 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட். நிறுத்திய காரில் மணிக்கு 1.5 யூனிட் வீதம் ஏசி ஓடினால், ஒரு மணி நேரத்துக்கு 5 சதவீதம் சார்ஜ் குறையும். ஏசிக்கு என்ன தேவையோ அது மட்டும்தான் செலவு.

செலவு யாருக்கு?

2024 ஏப்ரலில் ஐதராபாத்தில் ஆப் டாக்ஸி ஓட்டுநர்கள் 'நோ ஏசி' என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்கள். நிறுவனம் தரும் கிலோமீட்டர் கட்டணத்தில் ஏசி போட்டால் கட்டுப்படியாகவில்லை, ஏசி வேண்டுமென்றால் கூடுதலாகக் கொடுங்கள் என்பதுதான் அவர்களின் வாதம். காரில் ஏசி இருந்தது. அதை ஓட்டும் செலவு யாருடையது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

லாரி கேபினிலும் இதே கேள்வி வரும். டிரைவருக்குக் குளிர் வேண்டும், டீசலுக்குப் பணம் கொடுப்பவர் உரிமையாளர். வாடகை, தூரத்துக்கும் எடைக்கும் பேசப்படுகிறது. காத்திருக்கும் நேரத்து டீசலை அதில் சேர்க்கவில்லை என்றால், 'நிக்கும்போது ஏசி போடாதே' என்பதுதான் உரிமையாளரின் முதல் உத்தரவாக இருக்கும். சில இடங்களில் ட்ரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு வைத்துக் கொடுப்பார்கள். அங்கே கூடுதல் டீசல் டிரைவர் கணக்கில் கழியும். கேபினில் ஏசி இருக்கும், டிரைவர் பழையபடி வேப்பமர நிழலைத் தேடிப் போவார்.

ஏசி பொருத்த வேண்டும் என்று விதி சொல்கிறது. காத்திருக்கும் நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

டெல்டாவில் இந்தக் காத்திருப்பு சின்ன விஷயம் அல்ல. 2025 அக்டோபரில் குறுவை அறுவடையின்போது கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் தேங்கி மழையில் நனைந்தது, அரசியல் புயலையே கிளப்பியது. மூட்டைகளை ஏற்றிப்போகப் போதிய லாரிகள் வரவில்லை என்பதும் அப்போது எழுந்த புகார்களில் ஒன்று. ஒரு லாரி கிடங்கு வாசலில் அரை நாள் நின்றால், அது அடுத்த கொள்முதல் நிலையத்துக்கு வந்து சேரவும் அரை நாள் தாமதமாகும். டிரைவரின் வேர்வையும் விவசாயியின் நனைந்த நெல்லும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

என்ன வழி?

காத்திருப்பைக் குறைப்பதுதான் ஏசி செலவைக் குறைக்கும் முதல் வழி. எந்த லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று டோக்கன் நேரம் கொடுத்து, அதன்படி ஏற்றி இறக்கினால் டீசலும் மிச்சம், நெல்லும் சீக்கிரம் நகரும்.

இரண்டாவது, நிழல். கேபின் மீது நேரடி வெயில் விழாமல் இருந்தாலே ஏசியின் வேலை பெருமளவு குறையும். கொள்முதல் நிலையத்திலும் கிடங்கிலும் ஒரு கூரை, குடிதண்ணீர், மின்விசிறி உள்ள ஓய்வறை என்பது ஐந்து மணி நேர ஐட்லிங்கைவிட மலிவு. பழைய லாரி டிரைவர்களுக்கும், கேபினே இல்லாத சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே அது பயன்படும்.

மூன்றாவது, நின்றால் ஓடும் தனிக் கூலரை, ஏசி கேபினோடு சேர்த்து யோசிப்பது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவிக்கப்பட்டது. இறந்த பிறகு கிடைக்கும் நிவாரணத்தைவிட, அந்த நிலை வராமல் தடுக்கும் ஒரு கூரைக்குச் செலவு குறைவு.

உங்கள் காருக்கு என்ன செய்யலாம்?

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியைப் போடாமல், ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் 50, 55 டிகிரி காற்று வெளியேறிவிடும்.

குளிர ஆரம்பித்ததும் உள்காற்றே சுற்றும் பட்டனைப் போடுங்கள். வெளியே இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும் வேலை மிச்சம். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றையும் கொஞ்சம் விட வேண்டும்.

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கினால் பெட்ரோல் மிச்சம். நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியைத் திறந்தால் காற்று இழுக்கும், அங்கே ஏசிதான் சரி.

டெல்டாவில் அறுவடை சீசன் முடிந்ததும் கண்டென்சரையும் கேபின் ஃபில்டரையும் ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது. அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் பதரும் அதில் போய் அடைத்துக்கொண்டால், அதே பவரை எடுத்துக்கொண்டு குளிர் குறைவாகத்தான் வரும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைப்பது சில நேரம் வெறும் தூசிதான்.

முக்கியமான எச்சரிக்கை: ஷெட்டுக்குள்ளோ, மூடிய இடத்திலோ இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். 'ஏசி ஓடுதே, ரெண்டு நிமிஷத்துல வந்துடலாம்' என்று குழந்தையைக் காரில் விட்டுப் போவதும் வேண்டாம். இன்ஜின் நின்றுவிட்டால் ஏசி நிற்கும், பத்து நிமிடத்தில் கார் சூடாகிவிடும்.

மொத்தத்தில் ஒரு ஏசிக்குத் தேவை 3 ஹெச்பி. அதை நிற்கிற வண்டியில் எந்த இன்ஜினை ஓட்டி எடுக்கிறோம், அந்தச் செலவை யார் கொடுக்கிறார் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. புது லாரிகள் ஏசியோடு பூதலூர்ப் பக்கம் வந்து வரிசையில் நிற்கும்போது, டிரைவர் கேபினுக்குள் இருக்கிறாரா, இல்லை மரத்தடியில் இருக்கிறாரா என்று பார்த்தாலே விதி வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.